கலங்கிய நீரும் காக்கும் கண்களும்

இல்லமும் அறிவியலும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் முதல் வேண்டுகோள் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். முன்னர் ஊர்க் கிணறும் ஏரியும் வாய்க்காலும் அவர்களுக்கு நீச்சல் கற்பித்தன. இன்று பல ஊர்களில் அந்தப் பணியை நீச்சல் குளங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. விடுதிப் பள்ளிகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் சுற்றுலா விடுதிகளிலும் அவை பெருகி வருகின்றன.

விடுதிப் பள்ளி ஒன்றின் பொறுப்பில் இருக்கும் வாசகர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "எங்கள் குளத்தில் வடிகட்டி நாள்தோறும் ஓடுகிறது. இலை, சருகு, மயிர் எல்லாம் அகன்றுவிடுகின்றன. ஆயினும் மாவு போன்ற நுண்ணிய தூசி மட்டும் போவதில்லை. காலையில் அடியில் படிந்திருக்கிறது. பிள்ளைகள் இறங்கியதும் கலங்கிவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்? இதனால் தீங்கு உண்டா, அல்லது பார்வைக்கு அழகில்லை என்பது மட்டுந்தானா?"

கேள்வியின் பிற்பகுதிக்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். இது அழகைப் பற்றிய செய்தி அன்று; உயிரைப் பற்றிய செய்தி.

ஃபால் ரிவர் நகரில் நடந்தது

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்னும் நகரம் உண்டு. அங்கே அரசின் பொறுப்பில் இருந்த பொது நீச்சல் குளம் ஒன்றில், 2011ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, 36 வயதான தாய் ஒருவர் சறுக்கு மரத்தின் வழியே நீரில் இறங்கினார். அவர் மேலே எழவில்லை. உடனிருந்த 9 வயதுச் சிறுவன் இதைக் குளத்துக் காவலர்களிடம் சொன்னதாகவும், அவன் சொல் கவனிக்கப்படவில்லை என்றும் பின்னர் செய்திகள் வெளிவந்தன.

அந்தக் குளத்தின் ஆழமான பகுதி 12 அடி. நீரோ கலங்கலாக இருந்தது. அடித்தளம் கண்ணுக்குத் தெரியவில்லை. திங்களன்றும் செவ்வாயன்றும் குளம் வழக்கம்போல் திறந்திருந்தது. மக்கள் வந்து நீந்திச் சென்றனர். செவ்வாய் இரவில்தான் அந்தத் தாயின் உடல் நீரின் மேல் காணப்பட்டது. இரண்டு நாள் ஒரு மனித உடல் பலர் நீந்திய குளத்தில் கிடந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதை மறைத்து வைத்திருந்தது கல்லும் அன்று, மண்ணும் அன்று. நீரில் மிதந்த நுண்ணிய தூசியே.

நீரில் மூழ்குகின்ற குழந்தை பெரும்பாலும் கூக்குரல் இடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? ஓசையின்றி, சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். காப்பவருக்கு இருக்கும் ஒரே துணை கண். அந்தக் கண்ணை மறைக்கும் எதுவும் சிறிய குறை ஆகாது.

தூசி ஏன் எளிதில் படிவதில்லை?

நுண்ணிய பொருள்களை அளக்க மைக்ரான் என்னும் அளவைக் கையாளுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். நல்ல கண்பார்வை உடையவரும் 40 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தனித் துகளைக் காண்பது அரிது. வண்டல் மண்ணின் துகள் 2 மைக்ரான் முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். களிமண் துகளோ 2 மைக்ரானுக்கும் குறைவு.

துகள் சிறுத்தால் அது நீரில் இறங்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 100 மைக்ரான் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழத்தைச் சுமார் இரண்டு நிமிடத்தில் கடந்து அடியைச் சேரும். 10 மைக்ரான் துகளுக்கு அதே பயணம் மூன்று மணி நேரம். ஒரு மைக்ரான் துகளுக்கோ, நீர் சிறிதும் அசையாதிருந்தாலும், ஏறக்குறைய 13 நாள். குளத்து நீர் அப்படி அசையாமல் இருப்பது ஏது? காற்றும் வெயிலும் பம்பும் அதை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மிக நுண்ணிய தூசி தானாகப் படியும் என்று காத்திருப்பது வீண்.

மேலும், இத்துகள்கள் பெரும்பாலும் ஒரே வகையான மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கின்றன. ஒத்த மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். எனவே அவை ஒன்றுசேர்ந்து பெரிதாவதும் இல்லை.

தேற்றாங்கொட்டையின் பாடம்

இவ்விடத்தில் நம் பாட்டிமார் கையாண்ட முறையை நினைவுகூர்வது பொருந்தும். ஆற்றில் புதுவெள்ளம் வந்தபோது, கொண்டுவந்த கலங்கல் நீரை ஊற்றுமுன் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். சற்று நேரத்தில் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகைப் புலவரே இதனை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார் என்றால் இம்முறை எவ்வளவு பழமையானது என்பது விளங்கும்.

அவ்விதையிலுள்ள பொருள் துகள்களைத் தன்னோடு ஈர்த்துப் பிணைக்கிறது. பிணைந்தவை திரளாகின்றன, திரண்டவை கனத்துப் படிகின்றன. படிகாரம் செய்வதும் இதுவே. நகராட்சிக் குடிநீர் நிலையங்களில் 'ஆலம்' என்று வழங்கும் அலுமினியம் சல்பேட்டு நீரில் கரைந்து, பஞ்சு போன்ற திரளை உண்டாக்கி, தூசியை அள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது.

நீச்சல் குளத்திலும் இம்முறை பயன்படும். ஆனால் முறை தவறினால் பயன் இல்லை. மருந்தை அளவறிந்து வாளியில் கரைத்துக் குளமெங்கும் பரவ ஊற்ற வேண்டும். சிறிது நேரம் மட்டும் நீரைச் சுழலவிட்டுப் பின்னர் பம்பை நிறுத்திவிட வேண்டும். அன்றிரவு யாரும் இறங்கலாகாது, நீர் அசையலாகாது. காலையில் சாம்பல் நிறப் போர்வை போல் அடியில் அழுக்கு படிந்திருக்கும். அதனை உறிஞ்சு குழாயால் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். எடுத்த நீரை வடிகட்டிக்குள் அனுப்பாமல் நேரே வெளியேற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். திரண்ட அழுக்கை மணலுக்குள் அனுப்பினால் மணல் அடைத்துக்கொள்ளும். அல்லது திரள் உடைந்து தூசி மீண்டும் குளத்துக்கே வந்து சேரும். வெளியேற்றிய அளவு நீரைப் புதிதாக நிரப்புவது செலவுதான். ஆயினும் அது தவிர்க்க முடியாத செலவு.

ஆலம் நீரின் புளிப்புத் தன்மையைக் கூட்டும். ஆகையால் பணி முடிந்தபின் நீரின் காரஅமிலத் தன்மையைச் சோதித்துச் சீர்செய்வது அவசியம்.

மணல் எவ்வாறு வடிக்கிறது?

நம் நாட்டுக் குளங்கள் பலவற்றில் இருப்பது மணல் வடிகட்டியே. அதிலுள்ள மணலின் பருமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். மணிகளுக்கு இடையேயுள்ள சந்துகளும் தூசியை நோக்க மிகப் பெரியவை. அப்படியிருந்தும் அது 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைப் பிடித்துவிடுகிறது. எப்படி? மணல் வெறும் சல்லடை அன்று. வளைந்து வளைந்து செல்லும் வழியில் துகள் மணியின் மேல் மோதுகிறது, ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய தூசி வழியைக் குறுக்கி, அடுத்து வரும் தூசியையும் பிடிக்கிறது. அதனால்தான் இப்போதே கழுவிய மணலைவிடச் சற்று அழுக்கேறிய மணல் நன்றாக வடிக்கிறது.

இதை அறியாத பணியாளர் நாள்தோறும் மணலைக் கழுவிவிட்டு, "கழுவிக்கொண்டேதான் இருக்கிறேன், தண்ணீர் தெளியவில்லை" என்று வருந்துவார். வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமான நிலையில் காட்டும் அளவைவிடச் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 பவுண்டு ஏறும்போது கழுவினால் போதும்.

இருபது மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தூசிக்கு என்ன வழி? மடிப்புத் துணி போன்ற உருளைகள் வைத்த வடிகட்டி சுமார் 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும். டயாட்டம் என்னும் நுண்ணிய நீர்த்தாவரங்களின் ஓடுகள் பன்னெடுங்காலம் படிந்து உண்டான வெண்மண்ணைப் பூசிய வடிகட்டி 5 மைக்ரான் வரையிலும் பிடிக்க வல்லது. ஆனால் அவ்வெண்மண்ணின் தூள் மூச்சில் புகுந்தால் நுரையீரலுக்குக் கேடு; அதைக் கையாள்பவர் முகமூடி அணிய வேண்டும். மணல் வடிகட்டி உள்ளவர்கள் அதனை மாற்ற வேண்டியதில்லை. திரட்டும் மருந்தைச் சிறு அளவில் வடிகட்டிக்கு முன் சேர்த்து, நீரை மெதுவாக ஓடவிட்டாலே பெரும் பயன் கிடைக்கும். வேகமாக ஓடும் நீர் ஒட்டியதையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

மணலின் பெருமைக்கு ஒரு வரலாற்றுச் சான்று கூறுவோம். 1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிக்காமலே வழங்கி வந்தது. அதனோடு ஒட்டியிருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்று நீரைத்தான் குடித்தது. அதிலும் ஹாம்பர்கின் கழிவு கலந்த பின் கீழ்ப்புறத்தில் எடுத்துக் குடித்தது. ஆயினும் மணலில் மெதுவாக வடித்துக் குடித்ததால் பெருமளவுக்குத் தப்பியது. இதனை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் ராபர்ட் கோக் என்னும் மருத்துவ அறிஞர்.

வடித்தும் தெளியாதது ஏன்?

வாசகரின் குளத்துக்குப் பொருந்தக்கூடிய காரணங்கள் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, ஓடும் நேரம் போதாமை. குளத்தின் மொத்த நீரின் அளவு ஒரு முறை வடிகட்டி வழியே சென்றுவிட்டால் முழுவதும் வடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மை அப்படியன்று. வடிந்த நீர் வடியாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் சுமார் 63 விழுக்காட்டு நீரே வடிகட்டியைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98 விழுக்காடு. மின்கட்டணத்துக்கு அஞ்சி இரண்டு மணி நேரத்தில் பம்பை நிறுத்துகிறவர்கள் இதைக் கருத வேண்டும்.

இரண்டாவது, கழுவியபின் அலசாமை. மணலைக் கழுவி முடித்ததும் ஒரு நிமிடமேனும் நீரை வெளியே விட்டு அலச வேண்டும். இல்லையேல் குழாயில் தங்கிய அழுக்கு குளத்துக்குள் புகையைப் போலப் பாயும்.

மூன்றாவது, மணலின் நிலை. எண்ணெய்ப் பசையும் வியர்வையும் சேர்ந்து மணல் கட்டிதட்டினால் நீர் அதனூடே வாய்க்கால் அமைத்துக்கொண்டு வடியாமலே ஓடிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மணலை மாற்றுவது நன்று. நீர் வரும் வாயில் மணலே விழுமானால், வடிகட்டியின் அடியிலுள்ள துளைக்குழாய் உடைந்திருக்கிறது என்று அறியலாம்.

நான்காவது, பிளீச்சிங் பவுடர். அதை நேரே குளத்தில் தூவினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையாமல் வெண்தூசியாக நிற்கும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். இப்பொடியோடு எக்காரணத்தாலும் அமிலம் கலக்கலாகாது. கலந்தால் உயிரைக் கொல்லும் நச்சு வாயு எழும்.

ஐந்தாவது, பாசி. தூசி பச்சை நிறம் காட்டினாலும் சுவர் வழுவழுத்தாலும் அது மண் அன்று, உயிருள்ள பாசி. அதற்குக் குளோரின் முதல் மருந்து. வடித்தல் அதன் பின்னரே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

குளோரின் இட்டுவிட்டோம், இனி அஞ்ச வேண்டியதில்லை என்பாரும் உண்டு. நுண்ணிய தூசி குளோரினைச் செலவழித்துவிடுகிறது. கிருமிகளுக்கு மறைவிடமும் ஆகிவிடுகிறது. அன்றியும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, முறையாகக் குளோரின் இட்ட குளத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்க வல்லது. அதன் பருமன் 4 முதல் 6 மைக்ரானே. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வடிப்பு பழுதுபட்டபோது இக்கிருமியால் நான்கு லட்சம் பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள். அங்கேயும் முன்னறிவிப்பாகத் தோன்றியது நீரின் கலங்கலே.

ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதிருப்பது பிறர் குழந்தைகளுக்கு நாம் செய்யும் நீதி. உடலைக் கழுவிக்கொண்டு இறங்குவதும் அவ்வாறே. குளக்கரையில் கண்ணைக் கரிக்கும் நெடி, குளோரின் மிகுதியின் அடையாளம் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடி உண்டாக்கிய நெடியே.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளையை நீரில் இறக்குமுன், குளக்கரையில் நின்று மிக ஆழமான பகுதியை நோக்குங்கள். அடியிலுள்ள வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் கட்டணம் செலுத்தியிருந்தாலும் திரும்பிவிடுங்கள். அந்த மூடி உடைந்தோ கழன்றோ இருந்தாலும் இறங்க விடாதீர்கள். பம்பு இழுக்கும் விசை குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும்.

காவலர் இருக்கிறாரா, அவர் குளத்தைப் பார்க்கிறாரா, கைப்பேசியைப் பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். அவர் இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு ஓய்வு இல்லை. பலர் சேர்ந்து போகும்போது "யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவது இயல்பு. ஆகவே இந்த அரைமணி நேரம் நான், அடுத்த அரைமணி நேரம் நீங்கள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை வந்து, "அக்கா மேலே வரவில்லை" என்று சொன்னால் அதைப் பொய்யாகவோ விளையாட்டாகவோ தள்ளாதீர்கள். உடனே எல்லாரையும் கரையேறச் செய்து தேடுங்கள்.

விடுதிப் பொறுப்பாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. நாள்தோறும் காலையில் வடிகால் மூடியைக் கரையிலிருந்து பார்த்து, தெரிந்தது அல்லது தெரியவில்லை என்று ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். தெரியாத நாளில் குளத்தைப் பூட்டுங்கள். பிள்ளைகளின் முகம் வாடும், வாடட்டும்.

நிறைவாக

குளங்களுக்கு நம் விசுவாச வாழ்வில் தனி இடம் உண்டு. முப்பத்தெட்டு ஆண்டு நோயுற்றுக் கிடந்தவனை ஆண்டவர் கண்டது யெருசலேமில் ஐந்து மண்டபங்கள் கொண்ட குளத்தின் அருகேதான். குளத்தில் தன்னை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவனுடைய முறையீடு. அங்கே அத்தனை பேர் சூழ்ந்திருந்தும் அவனைத் தம் பொறுப்பாகக் கருதியவர் எவரும் இலர். பிறவிக் குருடனை ஆண்டவர் அனுப்பியதும் சீலோவாம் குளத்துக்கே. அங்கே கழுவிய பின் அவன் பார்வை பெற்றுத் திரும்பியதைப் புனித அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார்.

ஃபால் ரிவர் குளத்தைச் சுற்றிலும் பலர் இருந்தனர். நீர் கலங்கியிருப்பதைக் கண்டவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். எவரும் அத்தாய்க்குத் தீங்கு நினைக்கவில்லை; ஆயினும் செய்ய வேண்டியது செய்யப்படவில்லை. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த பாவங்களோடு, கடமையைச் செய்யாமல் விட்ட பாவத்தையும் நெஞ்சில் தட்டி அறிக்கையிடுகிறோம். அந்தச் சொல் நம் வாயில் வரும்போது, நமக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளையும் அவர்கள் இறங்கும் நீரையும் ஒரு கணம் எண்ணிக்கொள்வோமாக.